ஐஸ்பெட்டி உடன்படிக்கை

முன்னுக்குப் பின் முரணாகப் பேசாத நீதிபதியை மனிதர்கள் ஒருநாளும் தேடியதில்லை. அப்படி ஒருவர் வந்தால் முதலில் மாட்டுவது யார் என்று அவரவர்க்குத் தெரியும். ஆனால் அதையே இயந்திரமாகச் செய்து வைத்தால் பார்க்கக் கௌரவமாக இருக்கும் என்று யாரோ சொல்ல, வல்லரசுகள் கூடிச் செய்துவிட்டன. ஐந்நூறு ஆண்டுச் சர்வதேசச் சட்டம் முழுவதையும் அதற்கு ஊட்டினார்கள். உடன்படிக்கைகள், சரணாகதிகள், வரைபடத்தில் அடிக்கோல் வைத்துக் கிழித்த எல்லைகள், அவற்றுக்கெல்லாம் ஆசி வழங்கிய தீர்ப்புகள், எதையும் விடவில்லை. கட்டளை ஒன்றே ஒன்று: இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று பேசக் கூடாது. ஒரு கோட்பாட்டைக் கைவிட்டால் எல்லா வழக்கிலும் கைவிட வேண்டும். இதற்கு நடுநிலை என்று பெயர். அந்த ஐந்நூறு ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களே தாங்கள்தான் என்பதால் வல்லரசுகளுக்கு நடுநிலையில் பயமே இல்லை.

அந்த நீதிபதியின் பிரதி ஒன்று, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சீரிஸ் என்ற குறுங்கோளில், தொழிலாளர் உணவுக்கூடத்தில், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில், சாம்பல் நிற அலமாரியாக நின்றது. சீரிஸ் என்பது பாடப்புத்தகத்துப் பெயர். அங்கே பனி வெட்டிய நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அதை ஐஸ்பெட்டி என்றார்கள். ஐஸ்பெட்டியின் உரிமையாளர் புறவெளி நாகரிக வளர்ச்சிக் கழகம். பெயரில் நாகரிகம் இருந்தது. குளிக்க வாரத்துக்கு அரை வாளி வெந்நீர் இருந்தது.

சகாயராணி பனி துளைக்கும் இயந்திரம் ஓட்டுபவள். மணப்பாட்டுக்காரி, வயது நாற்பத்தொன்று. மகள் ஜெனோவாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தங்கையிடம் விட்டுவிட்டு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவள். ஐந்தாம் ஆண்டு முடிந்த மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் மேடைக்குப் போனபோதுதான் சொன்னார்கள்: ஒப்பந்தத்தின் அறுபத்து மூன்றாம் பக்கத்து அடிக்குறிப்பின்படி, 'ஆண்டு' என்றால் பணியிடத்தின் ஆண்டு. ஐஸ்பெட்டி சூரியனை ஒருமுறை சுற்றிவரப் பூமிக் கணக்கில் நாலரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஐந்து சுற்றுக்கு இருபத்து மூன்று. அவள் ஊர் போய்ச் சேரும்போது ஜெனோவாவுக்கு முப்பத்திரண்டு வயது ஆகியிருக்கும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. மொழிபெயர்க்கும் கருவிகள் பூமியில் பொரிகடலை போல் மலிந்து கிடந்தாலும், கழகத்தின் சட்ட ஆவணங்களை அவற்றில் காட்டக் கூடாது, ஆங்கிலப் பிரதியே அசல் என்று கழகத்தின் சாசனம் சொன்னது. பிழை வந்துவிடக் கூடாதாம். சகாயராணி தமிழில் நன்றாக வாசிப்பாள். ஆங்கிலத்தில் தன் பெயரை அடையாளம் காண்பாள்.

அவள் அலமாரியிடம் மனுப் போட்டாள். அது நல்ல தமிழில் பதில் சொன்னது.

"மனு தள்ளுபடி. கையொப்பமிட்டவருக்கு ஆவணத்தின் மொழி தெரியாது என்பதால் ஆவணம் செல்லாததாகிவிடாது. இதற்கு முன்தீர்ப்புகள் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. வாசிக்கட்டுமா?"

"வேண்டாம் சாமி, சாம்பார் ஆறிரும்" என்றான் வரிசையில் நின்ற தொம்மை.

யாரும் சிரிக்கவில்லை. அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரின் அடிக்குறிப்பும் அதுதான்.

*

காற்று வடிகட்டி கழுவும் அறையில் ஐயம்பெருமாள் இருந்தார். பாளையங்கோட்டையில் சர்வதேசச் சட்டம் நடத்தியவர். துறைக்கு மாணவர் வரவில்லை என்று மூடிவிட்டார்கள். வடிகட்டிக்கு அழுக்கு வருவது நின்றதில்லை என்பதால் இந்த வேலை நிரந்தரம் என்பார்.

"அண்ணாச்சி, அந்த ஆயிரத்துச் சொச்சம் தீர்ப்பும் எங்கேருந்து வந்துச்சு?"

"எல்லாம் நம்ம மாதிரி ஆள்கள்ட்டேருந்துதான் தாயி. ஆப்பிரிக்காவுல ஒரு தலைவர்ட்ட கம்பெனிக்காரன் போவான். நாலு முழம் துணி, ரெண்டு பாட்டில் சாராயம் குடுப்பான். 'நம்ம சிநேகிதத்துக்கு அடையாளமா இதுல ஒரு கோடு கிழிங்க'ம்பான். விருந்தாளி முகம் கோணக் கூடாதேன்னு அவரும் ஒரு பெருக்கல் குறி போடுவாரு. அதுல மண்ணு, மலை, ஆறு எல்லாத்தையும் தாரைவாத்ததா எழுதியிருக்கும். அதைக் கொண்டுபோய் ஐரோப்பாவுல மேசை மேல வச்சா, சட்டம் படிச்ச பெரிய மனுசங்க கண்ணாடியைத் துடைச்சுப் பாத்துட்டு, 'ஆமா, குறி இருக்கு'ன்னுருவாங்க."

"தலைவரு எனக்குப் புரியலைன்னு சொல்லலையா?"

"சொன்னாரு. நீ நாகரிகம் இல்லாதவன், உனக்குச் சட்டம் பேச வாய் கிடையாதுன்னாங்க."

"குறி போடும்போது மட்டும் நாகரிகம் இருந்துச்சாக்கும்?"

ஐயம்பெருமாள் வடிகட்டியைக் கீழே வைத்தார். "இந்தக் கேள்வி வாறதுக்கு என் பிள்ளைகளுக்கு ரெண்டு வருசம் ஆவும். உலக நீதிமன்றத்தோட சட்டத்துலயே 'நாகரிக நாடுகள்'ங்கிற வார்த்தை உக்காந்திருக்கு. எழுப்பிவிட யாருக்கும் மனசு வரலை."

சகாயராணி அவர் கீழே வைத்த வடிகட்டியை எடுத்துத் தட்டினாள். பிறகு கேட்டாள். "நம்ம ரெசிடென்ட்டு ஐயாவுக்கு அப்படிக் காயிதத்துல ஒப்புக்கிடுத அதிகாரம் உண்டா?"

"சாசனத்துலயே இருக்கு. பழைய கம்பெனிகளுக்கு இருந்த மாதிரியே, உடன்படிக்கை செய்ய, நிலம் வாங்க, விட்டுக்குடுக்க, எல்லாத்துக்கும்."

"அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது அண்ணாச்சி."

"என்ன சொல்லுத?"

"போன பொங்கலுக்குப் பேசினார்ல. மேடையைக் கூட்டும்போது அவரு பேச்சுத் தாளைப் பாத்தேன். 'செந்தமிழே உயிரே'ங்கிறதை ஏ பி சி டி எழுத்துல எழுதி வச்சிருந்தாரு."

கழகத்தின் பிரதிநிதியாக ஐஸ்பெட்டியை ஆண்ட ரெசிடென்ட் டாக்டர் யாழ்வேந்தனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில் அரண்மனைக்கு எதிரே பங்களா கட்டிக்கொண்டு, மகாராஜா எப்போது தும்மலாம் என்று முடிவு செய்த வெள்ளைக்காரர்களுக்கு இருந்த அதே பதவிப் பெயர் அவருக்கு. மூன்று தலைமுறையாக லண்டன். தமிழ் பேசுவார். அதுவும் மைக் முன்னால் நிறுத்தினால் ஆதி மொழி, மூத்த மொழி, விண்ணை அளக்கும் மொழி என்று முக்கால் மணி நேரம் பேசுவார். தொழிலாளர் மன்றம் அவருக்கு 'முத்தமிழ்க் காவலர்' பட்டம் கொடுத்திருந்தது. மூன்று தமிழும் காவலில் இருந்தன, எழுத்து மட்டும் தப்பியிருந்தது.

"பொங்கல் விழாவுல வாழ்த்து மடல் குடுப்போம்ல" என்றாள் சகாயராணி. "இந்தத் தடவை அதுல அவரும் ஒரு கையெழுத்துப் போடட்டும்."

ஐயம்பெருமாளுக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார், துறையை மூடுவதற்கு முந்தைய ஐயம்பெருமாளைப் போல.

"தாயி, இதுக்கு ரெண்டே வழிதான். அந்தக் காயிதம் செல்லும்னு அலமாரி சொன்னா ஐஸ்பெட்டி நமக்கு. புரியாமப் போட்ட கையெழுத்து, செல்லாதுன்னா உன் கையெழுத்தும் செல்லாது. நீ ஊருக்கு. மூணாவதா ஒரு பேச்சுப் பேச அதுக்குச் சொல்லிக்குடுக்கலை."

"அப்போ எழுதுங்க."

"எழுதுதேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. ரெண்டாவது வழின்னா நீங்க நானூத்திப் பதினோரு பேரும் போலாம். நான் போக முடியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியுமே. ஒப்பந்தத்தை வாசிச்சுட்டுத்தான் போட்டேன்."

"அடிக்குறிப்பையுமா?"

"அதை மட்டும் விட்டுட்டேன். முப்பது வருசமா பிள்ளைகள்ட்ட அடிக்குறிப்பைப் படிங்கல, அடிக்குறிப்பைப் படிங்கலன்னு கத்தினவன் நான்."

*

பொங்கலன்று உணவுக்கூடத்தில் மேடை போட்டார்கள். ஐஸ்பெட்டியில் எடை மிகக் குறைவு என்பதால் பொங்கிய பால் கீழே வழியாமல் பானைக்கு மேல் வெள்ளை உருண்டையாகத் தயங்கி நின்றது. ரெசிடென்ட் அதைத் தமிழின் பொறுமைக்கு ஒப்பிட்டுப் பேசினார்.

தொம்மை மைக்கைப் பிடித்தான். "விண்ணகத்தின் விடிவெள்ளியே! பனிமலையின் பகலவனே! முத்தமிழ்க் காவலர் ஐயா அவர்களுக்கு, தொழிலாளர் சார்பில் பொன்னாடை! நினைவுக் கேடயம்! பட்டுத் துணியில் அச்சிட்ட வாழ்த்து மடல்!"

அந்தக் காலத்தில் மணியும் துணியும் கொடுத்தார்கள். இது கொஞ்சம் தாராளம்.

மடலில் ஐயம்பெருமாள் எழுதியிருந்தது இது: 'சீரிஸ் என வழங்கும் ஐஸ்பெட்டியின் நிலம், பனி, பாறை, அதன் மேல் விழும் வெயில் ஆகிய யாவற்றின் மீதும் கழகத்துக்குள்ள சகல உரிமைகளையும், பெற்றுக்கொண்ட பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஈடாக, இங்கு உழைப்போர்க்குச் சந்திராதித்தர் உள்ளவரை தாரைவார்த்தோம்.' பழைய உடன்படிக்கை ஒன்றிலிருந்து ஒரு வரியைக்கூட அவர் மாற்றவில்லை. பெயர்களை மட்டும் இடம் மாற்றினார்.

சகாயராணிதான் அதைத் தட்டில் ஏந்திப் போனாள். அருகில் போனதும் தட்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தாள். குரலைத் தாழ்த்தி, "ஐயா, ஒருதரம் வாசிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றாள்.

டாக்டர் யாழ்வேந்தன் மடலைப் பார்த்தார். எழுத்துகள் சுழிசுழியாக அவரைப் பார்த்தன. சட்டைப்பையில் மொழிபெயர்க்கும் கருவி இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால் முத்தமிழ்க் காவலர் அதை எடுத்து நீட்டுவது எப்படி?

"ரெண்டு வரி வாசிங்க ஐயா!" என்று பின்வரிசையில் யாரோ விவரம் தெரியாமல் கத்தினார்கள்.

அவர் மடலை நெஞ்சோடு அணைத்தார். "இந்த அன்பால் கண்ணீர் கண்ணை மறைக்கிறது. வாசிக்க இயலவில்லை" என்றார். கைதட்டல் ஓய்வதற்குள் கையெழுத்துப் போட்டார். பெருவிரலையும் பதித்தார். இரண்டு மூன்று பேர் உண்மையிலேயே அழுதார்கள்.

*

மறுநாள் மடல் அலமாரியின் முன் தாக்கலானது. கழகத்தின் சட்ட அதிகாரி முதலில் சிரித்தார். அலமாரி கேட்ட முதல் கேள்வியில் அவருடைய சிரிப்பு நின்றது.

"கையொப்பம் உங்கள் பிரதிநிதியுடையதா?"

"ஆம். ஆனால் அவருக்கு உள்ளடக்கம் தெரியாது."

"அது ஆவணத்தைச் செல்லாததாக்காது என்பது கழகம் மேற்கோள் காட்டி வென்ற கோட்பாடு. சென்ற மாதம், இதே அறையில்."

அன்று மாலைக்குள் பூமியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. குறுங்கோள் கையை விட்டுப் போகக் கூடாது. ரெசிடென்ட்டைச் சாட்சி சொல்ல வை.

மூன்றாம் நாள் விசாரணை. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உலகமும் இருபத்து மூன்று நிமிடம் தாமதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டர், உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?" என்றார் சட்ட அதிகாரி.

ரெசிடென்ட் சகாயராணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மனிதனை இப்படி நிறுத்துவது இனிப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இனிப்பாக இல்லை.

"தெரியாது" என்றார் ரெசிடென்ட். மைக் இருந்தும் குரல் எழவில்லை. "எங்க தாத்தாவுக்கு அப்பா, தேயிலைத் தோட்டத்துக்குக் கைநாட்டு வச்சுப் போனவரு. அவருக்கு எந்த எழுத்துமே தெரியாது. எங்க தாத்தா பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் மட்டும் போதும்னுட்டாரு. எனக்குத் தமிழ் காதுல மட்டும்தான் வந்துது."

அலமாரி மூன்று நொடி எடுத்துக்கொண்டது. அது அதற்கு மிக நீண்ட நேரம்.

"சாட்சியம் ஏற்கப்படுகிறது. கழகத்தின் புதிய வாதமும் ஏற்கப்படுகிறது. புரியாமல் இட்ட கையொப்பம் கையொப்பம் அல்ல. வாழ்த்து மடல் ரத்து. இதே கோட்பாட்டின்படி இங்குள்ள நானூற்றுப் பதினொரு பேரின் ஒப்பந்தங்களும் ரத்து. முன்தீர்ப்பு ஒன்று, ரத்து. முன்தீர்ப்பு இரண்டு, ரத்து. முன்தீர்ப்பு மூன்று..."

உணவுக்கூடம் முதலில் கத்தியது, பிறகு அடங்கிக் கேட்டது. தீவுகள் போயின. துறைமுகங்கள் போயின. ஒரு வைரச் சுரங்கம், இரண்டு கால்வாய்கள், யாரும் கேள்விப்படாத தலைவர்களின் கேள்விப்படாத ஆறுகள். ஒவ்வொரு பெயரையும் அலமாரி ஒரே குரலில் வாசித்தது. ஐயம்பெருமாள் எழுந்து நின்று கேட்டார். யாரோ உட்காரச் சொன்னதற்கு, "இதை எப்படில உக்காந்து கேக்க?" என்றார்.

எழுநூற்று ஆறாவது முன்தீர்ப்பில் அலமாரியின் விளக்கு அணைந்தது. சேதி பூமிக்குப் போகவும் அங்கிருந்து உத்தரவு திரும்பவும் அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது. அடுத்த செய்தியில் வல்லரசுகள் கூட்டாக அறிவித்தன: நீதிபதிக்குக் கோளாறு. அன்றைய தீர்ப்புகள் யாவும் நிறுத்திவைக்கப்படுகின்றன.

"ஐந்நூறு வருசமா ஒழுங்கா ஓடுச்சு" என்றார் ஐயம்பெருமாள். "நமக்கு ஒரு தீர்ப்புச் சொன்னதும் கோளாறாயிட்டு." உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுது தாயி."

"என்ன முடிஞ்சுது?" என்றாள் சகாயராணி. "அது சொன்னதை நம்ம காதால கேட்டாச்சுல்லா? அலமாரியை அணைப்பான். நம்ம காதை எப்படி அணைப்பான்? நாளைக்கு நான் துளைப்பான்ல கை வைக்க மாட்டேன். வைக்கிறவன் வைக்கலாம்."

யாரும் வைக்கவில்லை.

*

கப்பல் மேடையில் சரக்குக் கப்பல் காலி வயிற்றோடு நின்றது. பனி ஏற்ற ஆள் இல்லை. கழகம் முதல் நாள் சட்டத்தைச் சொல்லி மிரட்டியது. அதைச் சொல்ல அலமாரி இல்லாததால் எடுபடவில்லை. நான்காம் நாள் வெந்நீரை நிறுத்தியது. அரை வாளி வெந்நீரில் குளித்தவர்களுக்கு அது பெரிய இழப்பாகப்படவில்லை. ஒன்பதாம் நாள், பெருந்தன்மையோடு, புதிய ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியது. அறுபத்து நான்கு பக்கம். கையொப்பமிடுவோர் உரிய காலத்தில் ஊர் திரும்பலாம்.

சட்ட அதிகாரி அதை மேசையில் வைத்தார்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றாள் சகாயராணி. "தமிழ்ல. முழுசா. எங்க எல்லார் முன்னாலயும். அண்ணாச்சியும் இதுல சேத்திதான். அவரை விட்டுட்டு ஒருத்தரும் ஏற மாட்டோம்."

"ஐயம்பெருமாள் வாசிக்கலாமே" என்றார் அதிகாரி, மொழிபெயர்க்கும் கருவி வழியாக.

"எழுதினவங்க ஆளு வாசிக்கட்டும். எழுதினதை எங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்."

கழகத்தின் பக்கம் ஆங்கிலம் வாசித்துத் தமிழ் பேசக்கூடியவர் ஒருவரே. டாக்டர் யாழ்வேந்தன் அறையை விட்டு ஒன்பது நாளாக வெளியே வரவில்லை. கூட்டிவந்தார்கள். தொம்மை மைக்கை நீட்டினான், அடைமொழி எதுவும் சொல்லவில்லை.

முதல் எட்டுப் பக்கம் முன்னுரை. நாகரிகம் பதினோரு தடவை வந்தது. ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தார்.

"பணியாளர் பணியிடத்தில் இறந்தால்..." நிறுத்தினார். மறுபடி ஆங்கிலத்தைப் பார்த்தார். அங்கே அது வழவழவென்று, காற்புள்ளிகளோடு, மிக மரியாதையாக இருந்தது. "இறந்தால், அவரோட உடம்பில் உள்ள நீர்..."

"ம். நீர்?"

"நீர், பணியிடத்தின் வளமாக..." எதிரே முன்வரிசையில் இருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் புருஷன் இரண்டு வருடத்துக்கு முன் பனிச்சரிவில் போனவன். டாக்டர் யாழ்வேந்தன் தாளைத் தாழ்த்தினார்.

"இதைத் தமிழ்ல சொல்ல முடியல" என்றார்.

"வார்த்தை தெரியலையா ஐயா?" என்றார் ஐயம்பெருமாள், இதமாகத்தான்.

"வார்த்தை தெரியுது. உங்களப் பாத்துச் சொல்ல வாய் வரல."

"அப்போ அடிச்சிருங்க" என்றாள் சகாயராணி.

சட்ட அதிகாரி எழுந்தார். டாக்டர் யாழ்வேந்தன் அவரைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, அந்தப் பத்தியின் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். உடன்படிக்கை செய்யும் அதிகாரம் இன்னும் அவரிடம்தான் இருந்தது. சேதி பூமிக்குப் போய், பறிக்கும் உத்தரவு வந்துசேர நாற்பத்தாறு நிமிடம் ஆகும்.

அவர் வேகமாக வாசித்தார். சொல்ல முடிந்ததைச் சொன்னார். வாய் கூசியதை அடித்தார். சில இடங்களில் அவர் தயங்கும் முன்பே வரிசைகள் சிரித்தன. 'ஆண்டு' வந்தபோது அவர் வாசிக்கவே இல்லை, நேராகக் கோடுதான்.

முப்பத்தொன்பதாம் நிமிடத்தில் வாசித்து முடித்து, கடைசிப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அறுபத்து நான்கு பக்கத்தில், தமிழில், ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக ஒன்றே கால் பக்கம் தேறியது. அதில் கப்பல் புறப்படும் நேரமும் இருந்தது.